யூஎக்ஸ், சாஃப்ட்வேர் வார்த்தைகள்: காரைக்குடி பக்கத்து பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கத்துல இருந்து எங்க ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் வர்ற பசங்க, மெட்ராஸ் பெங்களூர்னு இன்டர்வியூவுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி கேக்குற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கும். உதாரணம் எல்லாத்துக்கும் ஒண்ணையேதான் எடுத்துக்குறேன், நாங்க ஒரு பலகாரக் கடைக்கு செஞ்சு குடுத்த ஆர்டர் ஆப். கடையை நடத்துறது ஒரு ஆச்சி. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு, அதிரசம் இதெல்லாம் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் ஆர்டர் வரும், பாதி ஆர்டர் சிங்கப்பூர் மலேசியாவுல இருக்கிற சொந்தக்காரங்க கிட்ட இருந்து வரும்.

அண்ணே, யூஐ, யூஎக்ஸ் ரெண்டும் ஒண்ணுதானா?

இல்ல தம்பி. யூஐ, அதாவது யூசர் இன்டர்ஃபேஸ்ங்கிறது கண்ணுக்குத் தெரியறது, கை தொடுறது. பட்டன், கலர், எழுத்து, ஐகான் எல்லாம் அதுல வரும். யூஎக்ஸ், அதாவது யூசர் எக்ஸ்பீரியன்ஸ்ங்கிறது பயன்படுத்துற ஆளுக்கு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் என்ன நடந்துச்சுங்கிறது. சிங்கப்பூர்ல ஒருத்தங்க ராத்திரி உக்காந்து அம்மாவுக்கு அதிரசம் அனுப்பலாம்னு நெனச்சதுல இருந்து, ஆப்பைத் தேடி, அட்ரஸ் போட்டு, காசு கட்டி, காசு போயிருச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு, டப்பா வீட்டுக்கு வந்து, அதிரசம் உடையாம இருந்து, அடுத்த தடவையும் இங்கயே வாங்கலாம்னு தோணுற வரைக்கும் எல்லாமே யூஎக்ஸ்தான். ஸ்க்ரீன் அவ்ளோ அழகா இருக்கும், ஆனா காசு கட்டினதும் ஒரு மெசேஜ்கூட வரலைன்னா அவங்க பதறிப்போய் ஐஎஸ்டி போட்டு ஆச்சிக்கு பேசுவாங்க. யூஐ நல்லா இருந்தும் யூஎக்ஸ் கெட்டுப்போச்சுன்னா அதுதான்.

யூஎக்ஸ்ங்கிற இந்தப் பேரைப் பரவ விட்டவர் டான் நார்மன்னு ஒரு டிசைன் ஆராய்ச்சியாளர். 1993ல ஆப்பிள்ல சேந்தப்போ தன்னோட வேலைக்கே யூசர் எக்ஸ்பீரியன்ஸ் ஆர்கிடெக்ட்னு பேர் வச்சுக்கிட்டாரு. ஸ்க்ரீனை மட்டும் பாக்காம பெட்டியைப் பிரிக்கிறது, மேனுவல் படிக்கிறது எல்லாத்தையும் சேத்துப் பாக்கணும்ங்கிறதுதான் அவரோட வாதம். இன்டர்வியூவுல யூஎக்ஸ்னா ஃபிக்மாங்கிற டிசைன் சாஃப்ட்வேர்ல ஸ்க்ரீன் போடுறதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க.

யூசபிலிட்டின்னு தனியா ஒண்ணு சொல்றாங்களே?

யூசபிலிட்டின்னா பயன்படுத்த எவ்வளவு வசதியா இருக்குங்கிறது. அதுக்கு ஐஎஸ்ஓ 9241-11னு ஒரு சர்வதேச ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல மூணு விஷயம் கேக்குறாங்க. நெனச்ச வேலை முடிஞ்சுதா, அதுக்கு எவ்வளவு நேரமும் பாடும் ஆச்சு, முடிச்ச ஆளு திருப்தியா இருக்காரா. இதுல முக்கியமான விஷயம், யாரு, எந்த வேலைக்கு, எந்தச் சூழ்நிலையிலங்கிறதையும் சேத்துதான் சொல்லணும். இந்த ஆப் ஈஸியா இருக்குன்னு மொட்டையா சொன்னா அதுக்கு அர்த்தமே இல்ல. அறுபத்தஞ்சு வயசு ஆச்சி, அடுப்படியில ஒரு கை மாவா இருக்கும்போது, வந்த ஆர்டரை ஓகே பண்ண முடியுதா? அப்படிக் கேட்டாத்தான் பதில் கிடைக்கும்.

யூசர் டெஸ்டிங்குக்கு எத்தனை பேர் வேணும்? நம்ம ஊர்ல ஆளுக்கு எங்க போறது?

அஞ்சு பேர் போதும்னு யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொன்னது ரொம்ப பிரபலம். அவரும் தாமஸ் லேண்டவரும் 1993ல போட்ட கணக்குப்படி ஒரு ஆள் சராசரியா 31 சதவீத பிரச்சனையைக் காட்டிக் குடுத்துடுவாரு, அஞ்சு பேர் முடியறப்ப கிட்டத்தட்ட 85 சதவீதம் வெளிய வந்துரும். ஆனா அது ஒரே மாதிரி ஆளுங்களுக்குத்தான். வாங்குறவங்க வேற, விக்கிற ஆச்சி வேற, டெலிவரி பையன் வேற, அதனால ஒவ்வொரு கூட்டத்துலயும் தனித்தனியா ஆள் பாக்கணும். இன்னொண்ணு, அஞ்சு பேரை வச்சு எங்க இடிக்குதுன்னுதான் கண்டுபிடிக்க முடியும், இத்தனை சதவீதம் பேருக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்ல முடியாது. அதுக்கு நிறைய பேர் வேணும்.

ஆளுக்கு எங்க போறதுன்னா, நம்ம ஊரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல. திங்கக்கிழமை சந்தைக்குப் போங்க, பிள்ளையார்பட்டி கோயில் வாசல்ல உக்காந்திருக்கவங்க கிட்ட கேளுங்க, பக்கத்து வீட்டுத் திண்ணையில கேளுங்க. பத்து நிமிஷம் கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.

எப்படி நடத்துறதுன்னு கேட்டா, ஒண்ணே ஒண்ணுதான். வேலையைச் சொல்லுங்க, வழியைச் சொல்லாதீங்க. பலகார ஆப் இன்னும் புரோட்டோடைப்பா, அதாவது சோதனை மாதிரியா இருந்தப்போ பக்கத்துத் தெரு ஆச்சி ஒருத்தங்க கிட்ட போனைக் குடுத்து, ஆச்சி உங்க பேத்தி கல்யாணத்துக்குக் கைமுறுக்கு வேணும், இதுல சொல்லுங்கன்னு மட்டும்தான் சொன்னோம். கைமுறுக்கைக் கண்டுபிடிச்சாங்க, போட்டோவைத் தொட்டாங்க, உள்ள போயிட்டாங்க. அளவு போடுற இடத்துல நடுவுல 1ன்னு இருக்கும், ஒரு பக்கம் கூட்டல் குறி, ஒரு பக்கம் கழித்தல் குறி. சீர் முறுக்கு கிலோ கணக்குல கேக்க மாட்டாங்க, எண்ணிக்கைதான், அவங்களுக்கு வேண்டியது 101. கூட்டல் குறியை ஒவ்வொரு தடவையா அமுக்க ஆரம்பிச்சாங்க. நடுவுல இருக்கிற நம்பரைத் தொட்டா கீபோர்டு வரும், ஆனா அது தொடுற இடம்னு எந்த அடையாளமும் இல்ல. பக்கத்துல உக்காந்திருந்த பையனுக்குச் சொல்லணும் போல வாய் துடிக்குது, நான் வேணாம்னு கை காமிச்சேன். பதினஞ்சு பதினாறு வந்ததும் ஆச்சி போனை மடியில வச்சுட்டு, தம்பி நான் வாயில சொல்றேன் நீ எழுதிக்கயேன்னாங்க. அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு எந்த ரிப்போர்ட்டும் தராத விஷயம். அளவு கட்டத்தைச் சுத்தி கோடு போட்டோம், முறுக்குக்கு மட்டும் 51, 101னு ரெடி பட்டன் வச்சோம், எழுதிக்கயேன்னு கேட்டாங்கல்ல, அதுக்காக வாய்ஸ் மெசேஜ் அனுப்புற வசதியும் வச்சோம்.

வயர்ஃப்ரேம், மாக்அப், புரோட்டோடைப்?

வயர்ஃப்ரேம்னா வெறும் கட்டம், எது எங்கன்னு தெரியறதுக்கு, பேப்பர்ல பென்சில்ல போட்டாலும் வயர்ஃப்ரேம்தான். மாக்அப்னா கலர், எழுத்து, படம் எல்லாம் போட்டு முடிச்ச படம், ஆனா அசையாது. புரோட்டோடைப்னா அமுக்கினா அடுத்த ஸ்க்ரீனுக்குப் போகும், உள்ள நிஜமான புரோகிராம் கோடு (code) இருக்காது. ஃபிக்மாவுல மூணையும் செய்யலாம். பசங்க நேரா மாக்அப்புக்குப் போயிடுறாங்க, கலர் போட்டதுக்கப்புறம் அதை மாத்த மனசு வராது, அதனால முதல் ரெண்டு நாள் பேப்பரே போதும்னு நான் சொல்லுவேன்.

அஃபார்டன்ஸ்னா என்ன? படிச்சும் புரியல.

ஒரு பொருளை வச்சு ஒரு ஆள் என்னென்ன செய்ய முடியுமோ அதுதான் அஃபார்டன்ஸ். ஜேம்ஸ் கிப்சன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் கொண்டு வந்தது, அதை டிசைனுக்கு எடுத்துட்டு வந்தவர் அதே நார்மன். எல்லாரும் இதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதால பின்னாடி அவரே சிக்னிஃபையர்னு இன்னொண்ணைப் பிரிச்சுச் சொன்னாரு. மேல சொன்ன முறுக்குக் கதையிலயே ரெண்டும் இருக்கு பாருங்க. நம்பரைத் தொட்டா டைப் பண்ணலாம், அது அஃபார்டன்ஸ், இருந்துச்சு. தொடலாம்னு சொல்ற அடையாளம் சிக்னிஃபையர், அதுதான் இல்ல. இடது பக்கம் தள்ளினா டிலீட் ஆகும், அழுத்திப் பிடிச்சா மெனு வரும்னு பல ஆப்ல ஒளிச்சு வச்சிருப்பாங்க, அதெல்லாம் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான்.

ஃபிட்ஸ் லா, ஹிக்ஸ் லா, ஏழு மெனு ரூல், இதெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

மனப்பாடம் வேணாம், புரிஞ்சுக்கங்க. பால் ஃபிட்ஸ் 1954ல சொன்னது: தொட வேண்டிய இடம் தூரமா இருந்தா நேரம் கூடும், பெருசா இருந்தா நேரம் குறையும். அதனாலதான் ஆப்பிள் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டு 48 டிபின்னு (ரெண்டும் ஸ்க்ரீன்ல அளக்குற யூனிட்) தொடுற இடத்துக்குக் குறைஞ்ச அளவு சொல்லுது. ஆச்சியோட ஸ்க்ரீன்ல ஆர்டர் ஏத்துக்கோ, வேண்டாம் ரெண்டு பட்டனும் ஒட்டி இருக்கக் கூடாதுங்கிறதும் இதுல இருந்து வர்றதுதான், மாவு கையால ஓரமாத்தான் தொடுவாங்க.

ஹிக்ஸ் லா 1952, வில்லியம் ஹிக், அப்புறம் ரே ஹைமன். தேர்வு கூடக் கூட முடிவெடுக்கிற நேரமும் கூடும், ஆனா ரெண்டு மடங்கு தேர்வுன்னா ரெண்டு மடங்கு நேரம் ஆகாது, மெதுவாத்தான் ஏறும். வரிசைப்படுத்தி வச்சிருக்கிற லிஸ்ட்ல தெரிஞ்ச பேரைத் தேடுறதுக்கு இது அப்படியே பொருந்தாது.

அந்த ஏழு ரூல் மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. ஜார்ஜ் மில்லர் 1956ல எழுதினது மனசுல ஒரே நேரத்துல எத்தனை விஷயத்தை வச்சுக்க முடியும்ங்கிறதைப் பத்தி. மெனு கண்ணு முன்னாடியே இருக்கு, அதை எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்? மெனுவுல ஏழுக்கு மேல கூடாதுன்னு அவர் சொல்லவே இல்ல.

இன்ஃபர்மேஷன் ஆர்கிடெக்சர்?

எதை எதோட சேத்து வைக்கிறது, என்ன பேர்ல வைக்கிறதுங்கிறது. கண்டுபிடிக்கிறதுக்குக் கார்டு சார்ட்டிங் பண்ணலாம். பலகாரப் பேரை எல்லாம் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்து அடுக்கச் சொன்னோம், எங்க பசங்க இனிப்பு காரம்னு பிரிச்சாங்க, ஆச்சிமாருங்க கல்யாணச் சீர், தீபாவளி, பிள்ளை பெத்த வீடு, ஊருக்குக் கொண்டு போகன்னு பிரிச்சாங்க. ஆப்ல ஆச்சிமாருங்க பிரிச்சதுதான் இருக்கு.

தமிழ்ல ஆப் செய்யணும்னா டிரான்ஸ்லேட் பண்ணா போதாதா?

போதவே போதாது, இதைப் பத்தி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க நம்ம மொழிக்கே சரியா செய்யலைன்னா வேற யாரு செய்வா.

முதல்ல இன்டர்நேஷனலைசேஷன், லோக்கலைசேஷன் ரெண்டையும் பிரிச்சுக்கங்க. முதலாவது, எந்த மொழி வந்தாலும் தாங்குற மாதிரி புரோகிராம் கோடைத் தயார் பண்றது. ரெண்டாவது, ஒரு மொழிக்கு, ஒரு ஊருக்குன்னு உள்ள விஷயத்தை நிரப்புறது. முதலாவது செய்யாம ரெண்டாவதுக்குப் போனா எல்லாம் உடையும்.

தேன்குழல்ங்கிற வார்த்தையை எடுங்க. எண்ணினா அஞ்சு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற புரோகிராமிங் மொழியில லென்த் (நீளம்) கேட்டா 9ன்னு சொல்லும். ஏன்னா யூனிகோடுல, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கிற முறையில, தே ங்கிறது த ஒரு குறியீடு, ஏகாரக் கொம்பு இன்னொரு குறியீடு. ன் ங்கிறதும் ன தனி, புள்ளி தனி. அதைச் சேமிக்கிற முறையான யூடிஎஃப்-8ல தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட், அப்போ இந்த ஒரு வார்த்தை 27 பைட். இப்போ பேருக்கு அதிகபட்சம் 20 எழுத்துன்னு லிமிட் வச்சா இங்கிலீஷ்காரங்களுக்கு 20 எழுத்தே கிடைக்கும், நமக்கு பத்து பன்னெண்டுதான் கிடைக்கும். பேரைப் பாதியில வெட்டிப் புள்ளி புள்ளி போடுறப்ப கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவுல வெட்டினா எழுத்தே மாறிடும். வெட்டணும்னா கிராஃபீம் கணக்குல, அதாவது கண்ணுக்குத் தெரியற முழு எழுத்துக் கணக்குல வெட்டணும், அதுக்கு லைப்ரரி பெரும்பாலான புரோகிராமிங் மொழியில இருக்கு.

எஸ்எம்எஸ் கணக்கும் இப்படித்தான். இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழ்ல எழுதினா 70 குறியீடுதான், நீளமா போய் உடைஞ்சா துண்டுக்கு 67. உங்கள் ஆர்டர் கிடைத்தது, வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம்னு எழுதி, கீழ ஆர்டர் நம்பரும் கடைப் பேரும் போட்டா ரெண்டு எஸ்எம்எஸ் காசு. கடைக்காரங்களுக்கு இதை முன்னாடியே சொல்லணும்.

அப்புறம் பட்டன். சேவ்ங்கிறது சின்ன வார்த்தை, சேமிக்கவும்னு போட்டா பட்டனை விட்டு வெளிய வரும். வரி உயரம் கம்மியா வச்சா மேல இகரச் சுழியும் கீழ உகரமும் அடுத்த வரியில போய் முட்டும். தமிழ்ல கொஞ்சம் கூடவே இடம் விடணும். மொழிநடையும் பாருங்க, தங்களது கோரிக்கை செயலாக்கத்தில் உள்ளதுன்னு போட்டா ஆச்சி அதைப் படிச்சுட்டு எதோ கோர்ட் நோட்டீஸ்னு நெனைப்பாங்க. ஆர்டர் வந்துருச்சு, பாத்துக்கிட்டு இருக்கோம்னு போடுங்க.

பேர் ஃபார்ம் இன்னொரு தலைவலி. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம் வச்சு ரெண்டும் கட்டாயம்னு போட்டுடுறாங்க, நமக்கு ஏது லாஸ்ட் நேம்? அதுலயும் நம்ம செட்டிநாட்டுப் பக்கம் பேருக்கு முன்னாடி அப்பச்சி பேரு, ஐயா பேருன்னு தலைமுறை தலைமுறையா இனிஷியல் வரும், அதுவும் ஒரே எழுத்தா இருக்காது, பழ., அரு., சோம., மெய்.னு ரெண்டு மூணு எழுத்தா வரும். இனிஷியல்னா ஒரு எழுத்துதான்னு வேலிடேஷன் போட்டு வச்சிருந்தா இந்த ஊர்ல பாதிப் பேர் பதிவே பண்ண முடியாது. ஒரே கட்டம், முழுப் பேர், அவ்ளோதான் வேணும்.

அக்சசிபிலிட்டி மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்தானே?

அக்சசிபிலிட்டின்னா யாரா இருந்தாலும் பயன்படுத்த முடியற மாதிரி செய்யறது, மாற்றுத்திறனாளிகளுக்கு அது கட்டாயம். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இதைப் பேசுது, அதனால இதை யாரோ பண்ற உபகாரம்னு நெனைக்காதீங்க. டபிள்யூசிஏஜின்னு, வெப்புக்கு ஸ்டாண்டர்டு போடுற டபிள்யூ3சி அமைப்போட வழிகாட்டி இருக்கு, 2.2 வெர்ஷன் 2023 அக்டோபர்ல வந்துச்சு. சாதா எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. தொடுற இடம் குறைஞ்சது 24க்கு 24 பிக்சல். படத்துக்கு மாற்று எழுத்து வைக்கணும், கலரை மட்டும் நம்பி விஷயத்தைச் சொல்லக் கூடாது, ஸ்க்ரீன்ல இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர்ல கேட்டா வரிசை புரியணும்.

இதை ஆச்சி வீட்டுலயே பாக்கலாம். அவங்க பேரன் போன்ல எழுத்து சைஸைக் கடைசி வரைக்கும் ஏத்தி வச்சுக் குடுத்திருப்பான். அந்த சைஸ்ல உங்க ஆப்பைத் திறந்து பாருங்க, காசு கட்டுற பட்டன் ஸ்க்ரீனுக்குக் கீழ போயிருக்கும். முத்தத்து வெயில்ல நின்னு இள மஞ்சள் மேல வெள்ளை எழுத்தைப் படிச்சுப் பாருங்க. கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்கே அங்க கான்ட்ராஸ்ட் வேணும்.

டார்க் பேட்டர்ன்னா?

ஆளை ஏமாத்துறதுக்குன்னே செஞ்ச டிசைன். பேர் வச்சவர் ஹாரி பிரிக்னல், 2010ல. இந்தியாவுல 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதுக்கு வழிகாட்டி போட்டு 13 வகையைக் குறிச்சு வச்சிருக்கு. கேக்காமலே கார்ட்ல எதையாவது சேத்து விடுறது, கடைசி ஸ்க்ரீன்ல புதுக் கட்டணம் காட்டுறது, இன்னும் ரெண்டே ரெண்டு இருக்குன்னு பொய் சொல்லி அவசரப்படுத்துறது, சேர ஈஸி வெளிய வரக் கஷ்டம்னு சந்தா வைக்கிறது எல்லாம் அதுல வரும். கிளையன்ட் கேட்டா முடியாதுன்னு சொல்லுங்க. சட்டம் இருக்குன்னு சொல்றது உங்களுக்கு வசதி, ஆனா சட்டம் இல்லாட்டியும் செய்யக் கூடாது.

டிசைன் சிஸ்டம், காம்போனென்ட்?

ஆத்தங்குடியில டைல்ஸ் போடுறதைப் பாத்திருப்பீங்க. கீழ கண்ணாடி, அது மேல இரும்பு அச்சு, அச்சுல ஒவ்வொரு அறைக்கும் ஒரு கலர் சிமென்ட் ஊத்தி, அச்சைத் தூக்கிட்டு, மேல மணல் சிமென்ட் போட்டு அமுக்குவாங்க. பூ டிசைன் அதே அச்சுல வரும், கலர் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். காம்போனென்டும் அப்படித்தான், பட்டன்னு ஒரு அச்சு, அதுல பச்சை, சிவப்பு, செயல்படாத சாம்பல்னு வேரியன்ட். கலர், இடைவெளி, எழுத்து சைஸ் எல்லாத்துக்கும் பேர் வச்சு எழுதி வச்சா அது டிசைன் டோக்கன். எல்லாம் சேந்து, எதை எப்போ பயன்படுத்தணும்ங்கிற விதியும் சேந்தா டிசைன் சிஸ்டம். ஒரே வித்தியாசம், டைல்ஸை ஒட்டிட்டா ஒட்டினதுதான். காம்போனென்ட்ல மூலத்தை மாத்தினா போட்ட இடம் எல்லாம் மாறும், அதனால மாத்துறப்ப எங்கெங்க இருக்குன்னு பாத்துட்டு மாத்துங்க.

ஃப்ரன்ட்எண்ட், பேக்எண்ட், ஏபிஐ, சட்டுன்னு சொல்லுங்க.

போன்லயும் பிரவுசர்லயும் ஓடுறது ஃப்ரன்ட்எண்ட், சர்வர்ல ஓடுறது பேக்எண்ட். ரெண்டும் பேசிக்கிறதுக்குப் போட்டுக்கிட்ட ஒப்பந்தம் ஏபிஐ. இப்படிக் கேட்டா இப்படிப் பதில் தருவேன், தர முடியலைன்னா இந்த நம்பர் தருவேன், அதான் ஒப்பந்தம். 200ன்னா சரி, 404ன்னா கேட்டது இல்ல, 500ன்னா சர்வர்ல கோளாறு. இந்த 500ஐ யூசர் கிட்ட அப்படியே காட்டாதீங்க, காசு போச்சா போகலையா, திரும்ப முயற்சி பண்ணலாமா, அதைச் சொல்லுங்க.

ரேஸ் கண்டிஷன்னு இன்டர்வியூவுல கேட்டாங்கண்ணே, முழிச்சேன்.

தீபாவளிக்கு முதல் வாரம், மனகோலம் அஞ்சு கிலோதான் பாக்கி. காரைக்குடியில ஒருத்தர், கோலாலம்பூர்ல ஒருத்தர், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அஞ்சு கிலோவும் எனக்குன்னு அமுக்குறாங்க. சர்வர் முதல் ஆளுக்கு ஸ்டாக் பாக்குது, 5 இருக்கு. அதைக் குறைக்கிறதுக்குள்ள ரெண்டாவது ஆளுக்கும் பாக்குது, இன்னும் 5தான் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஓகே சொல்லிடும், இதுதான் ரேஸ் கண்டிஷன். பாக்குறதையும் குறைக்கிறதையும் பிரிக்க முடியாத ஒரே வேலையா செய்யணும், டேட்டாபேஸ்ல டிரான்சாக்ஷன், லாக்குன்னு வர்றது இதுக்காகத்தான். ஒரே ஆள் பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா ரெண்டு தடவை காசு போகாம பாத்துக்கிறதுக்கு ஐடெம்பொடென்சின்னு பேர்.

கூடவே டைம்சோனும் படிச்சுட்டுப் போங்க. சிங்கப்பூர் நம்மளைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அங்க 15ம் தேதி ராத்திரி 12.30க்கு ஆர்டர் போட்டா இங்க 14ம் தேதி ராத்திரி 10 மணி. நாளைக்கு அனுப்புவோம்னு ஆப் சொன்னா யாரோட நாளைக்கு? டேட்டாபேஸ்ல யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துல வைங்க, காட்டுறப்ப தேதியோட ஊரையும் சேத்துக் காட்டுங்க.

கிட் எதுக்கு? டிரைவ்ல ஜிப் போட்டு வச்சா ஆகாதா?

கிட்ங்கிறது கோடுல யார் எப்போ என்ன மாத்தினாங்கன்னு பதிவு வைக்கிற கருவி. ஒரே ஆள் ஒரே நாள் வேலைன்னா ஜிப்பே ஆகும். ரெண்டு பேர் ஒரே ஃபைலைத் தொட்ட உடனே ஆகாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல்ல லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதினது கிட். கமிட்னா இந்த நிமிஷம் கோடு எப்படி இருந்துச்சுங்கிற பதிவு, பிராஞ்ச்னா மத்தவங்க வேலையைக் கெடுக்காம தனியா போற பாதை, மெர்ஜ்னா திரும்பச் சேக்குறது, ரெண்டு பேர் ஒரே வரியை மாத்தியிருந்தா கான்ஃப்ளிக்ட். புல் ரிக்வெஸ்ட் கிட்ல கிடையாது, கிட்ஹப் மாதிரி தளத்துல வர்றது, என் கோடைப் பாத்துட்டுச் சேத்துக்கங்கன்னு கேக்குறது. கமிட் மெசேஜ்ல சேஞ்சஸ்னு மட்டும் எழுதாதீங்க, ஏன் மாத்தினீங்கன்னு எழுதுங்க.

அஜைல், ஸ்க்ரம், வாட்டர்ஃபால் குழப்பமா இருக்கு.

வாட்டர்ஃபால்னா எல்லாத்தையும் முதல்லயே எழுதி முடிச்சு, அப்புறம் டிசைன், அப்புறம் கோடு, அப்புறம் டெஸ்ட்னு ஒரே இறக்கமா போறது. வின்ஸ்டன் ராய்ஸ் 1970ல எழுதின கட்டுரைதான் இதுக்கு மூலம்னு சொல்வாங்க, ஆனா அதுலயே அவர் இப்படி ஒரே தடவையில போறது ஆபத்துன்னு சொல்லியிருக்காரு. 2001 பிப்ரவரியில அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டுல 17 பேர் கூடி எழுதினது அஜைல் மேனிஃபெஸ்டோ. சின்னச் சின்னதா செஞ்சு, ஆளுங்க கிட்ட காட்டி, மாத்திக்கிட்டே போறதுங்கிற எண்ணம் அது. ஸ்க்ரம் அதை நடத்துற ஒரு முறை, ஸ்பிரின்ட்னா ஒரு மாசமோ அதுக்குக் குறைவோ உள்ள ஒரு சுற்று, பெரும்பாலும் ரெண்டு வாரம் வைப்பாங்க. டொயோட்டா ஃபேக்டரியில இருந்து வந்த கான்பான்ல ஸ்பிரின்ட் கிடையாது, ஒரே நேரத்துல கையில எத்தனை வேலை இருக்கலாம்னு கட்டுப்படுத்துவாங்க.

தினம் காலையில நின்னுக்கிட்டு மீட்டிங் போட்டுட்டா அஜைல் ஆயிடாது. ரெண்டு வாரத்துல ஒரு தடவையாவது நிஜமா வாங்குற ஆளு கையில போகுதா, அதைத்தான் பாக்கணும்.

யூசர் ஸ்டோரி, எம்விபி?

யாரு, என்ன வேணும், எதுக்குன்னு ஒரே வரி. கடை ஆச்சியா நான், நாளைக்குச் செய்ய வேண்டியதை மட்டும் பாக்கணும், மாவு எவ்வளவு அரைக்கணும்னு ராத்திரியே தெரியணும்ங்கிறதுக்காக. இது முடிஞ்சதுன்னு எப்படிச் சொல்றதுங்கிறது அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா. எம்விபி, அதாவது மினிமம் வயபிள் புராடக்ட்னா நம்ம நெனைக்கிறது சரியான்னு தெரிஞ்சுக்கப் போதுமான குறைஞ்ச வேலை. அரைகுறையா செஞ்சு குடுக்கிறதுக்கு எம்விபின்னு பேர் வைக்கக் கூடாது. பலகாரக் கடைக்கு எங்க எம்விபி ஒரு வாட்ஸ்அப் நம்பரும் ஒரு ஷீட்டும்தான்.

ஆப் ஸ்லோவா இருக்குன்னா எவ்வளவு வரைக்கும் பொறுத்துக்குவாங்க?

நீல்சன் தர்ற கணக்கு: 0.1 விநாடிக்குள்ள பதில் வந்தா உடனே நடந்த மாதிரி இருக்கும், 1 விநாடி வரைக்கும் யோசனை அறுபடாது, 10 விநாடி தாண்டினா கவனம் வேற எங்கயோ போயிடும். கானாடுகாத்தான் பெரிய வீட்டுல கனமான சுவருக்கு உள்ள உக்காந்தா சிக்னல் ஒரு கோடுதான் வரும், அங்க வச்சு டெஸ்ட் பண்ணுங்க. படத்தைச் சின்னதாக்குங்க, நெட் போனாலும் போட்ட ஆர்டர் போன்லயே பத்திரமா இருக்கணும்.

பக் ரிப்போர்ட் எப்படி எழுதுறது?

வேலை செய்யலைன்னு மட்டும் எழுதினா டெவலப்பருக்கு ஒண்ணும் தெரியாது. என்ன போன், எந்த வெர்ஷன், வரிசையா என்னென்ன அமுக்கினீங்க, என்ன வரும்னு எதிர்பாத்தீங்க, என்ன வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் வருதா சில நேரம்தானா, ஸ்க்ரீன்ஷாட். சிவியரிட்டின்னா எவ்வளவு பாதிப்பு, பிரையாரிட்டின்னா எவ்வளவு சீக்கிரம் சரி பண்ணணும். முகப்புல கடைப் பேரே தப்பா இருந்தா ஆப் ஓடும், சிவியரிட்டி கம்மி, ஆனா பிரையாரிட்டி அதிகம்.

ஸ்டேஜிங், புரொடக்ஷன், ரோல்பேக், ரெக்ரஷன்?

ஸ்டேஜிங் ஒத்திகை இடம், புரொடக்ஷன்ல நிஜ ஆளுங்க இருக்காங்க. அங்க ஏத்துறது டிப்ளாய், ஏத்தினது கெட்டுப்போனா பழைய வெர்ஷனுக்குத் திரும்புறது ரோல்பேக். புதுசா ஒண்ணு சேத்ததால பழசு ஏதாவது உடைஞ்சுதான்னு பாக்குறது ரெக்ரஷன் டெஸ்ட். கல்யாண சீசன்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிப்ளாய் பண்ணாதீங்க.

தமிழ் மீடியம் படிச்சேன், இந்த வேலை கிடைக்குமா?

கிடைக்கும். வார்த்தை இங்கிலீஷ்ல இருக்கு, அதைப் பழகிக்கலாம், ஒரு மாசம் தொடர்ந்து கேட்டா வாயில வந்துரும். ஆனா ஒருத்தங்க போனைப் பிடிச்சுக்கிட்டு எங்க தயங்குறாங்கன்னு பாக்குற கண்ணு, அவங்க சொல்லாததைப் புரிஞ்சுக்கிற காது, அதுக்கு மீடியம் கிடையாது. தமிழ்ல மட்டுமே போன் பயன்படுத்துறவங்க கிட்ட நேராப் போய்ப் பேசி ரிசர்ச் பண்ணக்கூடிய ஆளு இப்போ கம்பெனிகளுக்குத் தேவைப்படுது, அதை இன்டர்வியூவுல நீங்களே எடுத்துச் சொல்லணும்.

அப்போ போர்ட்ஃபோலியோவுல என்ன வைக்கிறது?

பெரிய ஆப்பை எடுத்து ரீடிசைன்னு அழகா பத்து ஸ்க்ரீன் போட்டு வைக்காதீங்க, எல்லாரும் அதான் வைக்கிறாங்க. உங்க தெருவுல ஒரு ஆளோட ஒரு வேலையை எடுங்க. கண்டாங்கிச் சேலை விக்கிறவங்க கணக்கு எழுதுறது, கொட்டான் பின்னுறவங்க ஆர்டரை ஞாபகம் வச்சுக்கிறது, எதுவா இருந்தாலும் சரி. இப்போ எப்படி செய்யறாங்கன்னு உக்காந்து பாருங்க, பேப்பர்ல போட்டுக் காட்டுங்க, அவங்க எங்க நின்னாங்கன்னு எழுதுங்க, மாத்தினதைத் திரும்பக் காட்டுங்க. முதல் பேப்பர்ல இருந்து கடைசி வரைக்கும், வேணாம்னு தூக்கிப் போட்டதையும் சேத்து வைங்க, எதுக்குத் தூக்கிப் போட்டீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. பேர், போன் நம்பர், போட்டோ எதுவும் அவங்களைக் கேக்காம போடாதீங்க. முடிச்சதும் எடுத்துட்டு ஆபீஸுக்கு வாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இருப்போம், உக்காந்து பாக்கலாம்.